ஒரு பக்கம் மட்டும் புரியும் மொழி

நைஜர் ஆறு கடலில் கலக்கும் டெல்டாவில் நெம்பே, கலபாரி என்று இரண்டு மொழிகள் உண்டு. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நைஜீரியாவில் கள ஆய்வு செய்த ஹான்ஸ் வோல்ஃப் என்ற மொழியியலாளர், பக்கத்து ஊர்க்காரர் பேசுவது புரிகிறதா என்ற கேள்வியை இரு தரப்பிடமும் ஆராய்ந்து பார்த்தார். நெம்பேக்காரர்கள் தயங்கவே இல்லை. கலபாரி தாராளமாகப் புரியும் என்றார்கள். கலபாரிக்காரர்களோ கையை விரித்துவிட்டார்கள். நெம்பே அவர்களுக்குப் புரியாதாம். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில சொற்கள் பிடிபடும், அவ்வளவுதானாம்.

இங்கிருந்து அங்கே போகும் தூரமும் அங்கிருந்து இங்கே வரும் தூரமும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? ஒலியையும் சொல்லையும் மட்டும் அளந்தால் அப்படித்தான் இருக்கும். வோல்ஃப் 1959-இல் வெளியிட்ட கட்டுரையில் வேறொன்றைச் சுட்டிக்காட்டினார். கிழக்கு டெல்டாவில் கலபாரி மக்கள் எண்ணிக்கையிலும் செல்வத்திலும் வணிகத்திலும் ஓங்கியவர்கள். நெம்பே மக்களை அவர்கள் வசதி குறைந்த தூரத்து உறவினராகவே பார்த்தார்கள். வசதி குறைந்தவனுக்கு வசதியானவனின் பேச்சு தேவைப்படுகிறது, அதனால் காதைத் தீட்டிக்கொள்கிறான். வசதியானவனுக்கு அந்தத் தேவை இல்லை. மொழிகளின் எல்லையை வரைவதில் நாக்குக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு மதிப்புக்கும் உண்டு என்று காட்டிய இந்தச் சிறு கட்டுரையை உலகெங்கும் மொழியியலாளர்கள் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள்.

நெம்பே, கலபாரி இருவருமே இஜோ என்ற பெரிய இனத்தின் கிளைகள். ஆங்கிலவழி எழுத்தில் இஜா என்றும், அவர்கள் வாயிலேயே ஊருக்கு ஊர் இஸோன், எஸோன், இஜோ என்றும் இந்தப் பெயர் மாறி ஒலிக்கும். நைஜீரியாவின் தென்கோடியில் பாயெல்சா, டெல்டா, ரிவர்ஸ் மாநிலங்களில் பெரும்பகுதியாகவும், ஒண்டோ, எடோ மாநிலங்களின் ஓரங்களிலும் வாழ்கிறார்கள். இவர்களின் மையம் பாயெல்சா. 1996-இல் உருவான இந்த மாநிலத்தில் 2006 கணக்கெடுப்பின்படி சுமார் 17 லட்சம் பேர் இருந்தார்கள். பிராஸ், யெனகோவா, சாக்பாமா என்ற மூன்று பழைய உள்ளாட்சிப் பகுதிகளின் சுருக்கெழுத்துகளை ஒட்டவைத்துச் செய்த பெயர் அது. ஒரு மாநிலத்தின் பெயரிலேயே மூன்று ஊர்களின் பங்கு இருந்தாக வேண்டும் என்பதிலிருந்தே இந்த மக்களின் குணம் கொஞ்சம் தெரியும்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். மொழிகள் இப்படிக் கிளைத்ததற்கு அதுதான் முதல் காரணம். 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் நைஜர், கடலை நெருங்கியதும் நூற்றுக்கணக்கான கழிகளாகவும் ஓடைகளாகவும் சிதறிவிடுகிறது. வடக்கே நன்னீர்ச் சதுப்பு, தெற்கே உப்புநீரில் வேர் ஊன்றி நிற்கும் அலையாத்திக் காடு, அதற்கும் தெற்கே மணல் திட்டுகள். வீடு கட்டத் தோதான மேட்டு நிலம் அங்கங்கே துண்டு துண்டாகத்தான் கிடைக்கும். பக்கத்து ஊருக்குப் போகத் தோணி வேண்டும். ஒரே ஓடையில் இருக்கும் ஊர்கள் ஒன்றோடொன்று நெருக்கமாகின்றன, அடுத்த ஓடையில் இருப்பவர்கள் தூரத்தவராகிறார்கள். இப்படி ஓடைவாரியாகச் சேர்ந்த ஊர்க்கூட்டத்தை இபே என்கிறார்கள். இஜோ மக்களில் 40-க்கும் மேற்பட்ட இபேக்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு பேச்சுவழக்கு, தனக்கென்று ஒரு தோற்றக் கதை.

நீர் பிரிக்கவும் செய்யும், சேர்க்கவும் செய்யும். 1500-களின் தொடக்கத்தில் இந்தக் கரையை விவரித்த போர்ச்சுகீசிய மாலுமி டுவார்ட்டே பச்செக்கோ பெரேரா, இங்கிருந்த தோணிகளைக் கண்டு வியந்திருக்கிறார். ஒரே மரத்தைக் குடைந்து செய்த தோணி, அதில் 80 பேர் ஏறலாம். ஒரு டவுன் பஸ்ஸின் இருக்கைகள் எல்லாம் நிரம்பி, நிற்கவும் இடமில்லாமல் ஆட்கள் தொற்றிக்கொண்டால் எத்தனை பேரோ, அத்தனை பேர். உள்நாட்டிலிருந்து பெருவள்ளிக் கிழங்கும் ஆடுமாடுகளும் வரும். கரையோரத்தில் காய்ச்சிய உப்பு மறுபக்கம் போகும். அவற்றோடு அடிமைகளாக மனிதர்களும் வந்தார்கள். அந்த வணிகம் இந்த மொழிகளின் தலையெழுத்தையே மாற்றியது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த நாற்பது இபேக்களின் பேச்சையும் ஒரு மொழி என்பதா, பல மொழிகள் என்பதா? மொழியியலாளர்கள் பல மொழிகள் என்றே வகுக்கிறார்கள். மேற்கிலும் நடுவிலும் இஸோன். அது மட்டுமே 30-ஐ ஒட்டிய வழக்குகள் கொண்டது. அடுத்தடுத்த ஊர்களுக்குள் சிரமமில்லாமல் பேசிக்கொள்ளலாம், ஆனால் ஊர் தாண்டி ஊர் போகப் போக வேறுபாடு சேர்ந்துகொண்டே போகும். இதைக் கிளைமொழித் தொடர்ச்சி என்பார்கள். எங்கே ஒரு வழக்கு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று கோடு போட்டுக் காட்ட முடியாத நிலை அது. கிழக்கே கலபாரி, ஒக்ரிகா, இபானி மூன்றும் ஒரு கொத்து. அவற்றுக்கும் கிழக்கே இங்கோரோ. நடுவில் கடலை ஒட்டி நெம்பேயும் அகாசாவும். இவை தவிர பிசேனி, ஒகோர்டியா, ஒருமா என்று உள்நாட்டில் மூன்று சிறு பேச்சுகள். இதில் ஒருமா, வேற்று மொழி பேசும் ஊர்களுக்கு நடுவே ஒற்றையாக நிற்கிறது. இஸோன் மட்டும் தெரிந்தவர் கலபாரி ஊரில் இறங்கினால், இருவரும் இஜோவாக இருந்தும், அரட்டை அடிக்க முடியாது.

இந்த மொழிகளுக்குள் நுழையும் தமிழ் வாசகருக்கு ஒரு தனி மகிழ்ச்சி காத்திருக்கிறது. நைஜர்-காங்கோ என்ற பெருங்குடும்பத்தில்தான் இஜோவை வழக்கமாகச் சேர்ப்பார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்க மொழிகள் கொண்ட குடும்பம் அது. இக்போ, யொருபா, சுவாஹிலி எல்லாம் அதில் அடக்கம். இந்த மூன்றிலும் 'அவன் தின்றான் மீன்' என்ற வரிசையில்தான் வாக்கியம் அமையும். இஜோவில் 'அவன் மீன் தின்றான்'. வினைச்சொல் கடைசியில். 'உள்ளே', 'மேலே' போன்ற இடச்சொற்களும் பெயருக்குப் பின்னால் வருகின்றன. கொலோகுமா என்ற இஸோன் வழக்கில் ஒரு பெண் கூடையால் கிழங்கை மூடியதைச் சொல்ல வேண்டுமானால் சொற்கள் இந்த வரிசையில் வரும்: அவள், கூடை, எடுத்து, கிழங்கு, மூடினாள். ஒரு சொல்லைக்கூட இடம் மாற்றாமல் தமிழில் படிக்கலாம். இக்போவிலும் யொருபாவிலும் 'அவன்', 'அவள்', 'அது' மூன்றுக்கும் ஒரே சொல். இஜோவில் ஆண், பெண், பொருள் என்று மூன்றும் தனித்தனி.

தமிழுக்கும் இதற்கும் ரத்த உறவு எதுவும் இல்லை. வினையைக் கடைசியில் வைக்கும் மொழிகள் உலகில் ஏராளம். வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. சுற்றிலும் ஒரு மாதிரி பேசும் மொழிகள் சூழ்ந்திருக்க, நடுவில் இந்த ஒரு கூட்டம் மட்டும் வாக்கியத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, பாலுக்கொரு சொல் வைத்துக்கொண்டு எப்படி வாழ்ந்தது? நைஜர்-காங்கோ குடும்பத்திலிருந்து மிகத் தொல்காலத்திலேயே பிரிந்திருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். அந்தக் குடும்பத்திலேயே சேர்க்கக் கூடாது, தனிக் குடும்பமாக வைக்க வேண்டும் என்று வாதிடுவோரும் உண்டு.

இந்த வாக்கிய அமைப்பை ஒரு எழுத்தாளர் ஆங்கிலத்துக்குள் கடத்திக்கொண்டு போனார். கேப்ரியல் ஒக்காரா என்ற இஜோ கவிஞர் 1964-இல் வெளியிட்ட 'தி வாய்ஸ்' என்ற நாவலில், ஆங்கிலச் சொற்களை இஜோவின் வரிசையில் அடுக்கினார். வினைகள் வாக்கியத்தின் கடைசிக்கு நகர்ந்தன. உணர்ச்சிகளை உடலுறுப்புகளில் வைத்துச் சொல்லும் இஜோ மரபுத்தொடர்கள் அப்படியே ஆங்கிலத்தில் வந்து உட்கார்ந்தன. இலண்டனில் படித்தவர்கள் திகைத்தார்கள். தமிழ் தெரிந்தவர் அதைப் படித்தால் அவ்வளவாகத் திகைக்கமாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

இலக்கணம் இப்படி என்றால் ஒலிகள் இன்னும் நுட்பமானவை. 'க்'கையும் 'ப்'பையும் ஒன்றன்பின் ஒன்றாக இல்லாமல் ஒரே நொடியில் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். நாக்கின் பின்பக்கம் அண்ணத்தில் ஒட்டியிருக்கும்போதே உதடுகளும் மூடியிருக்க வேண்டும், இரண்டும் ஒன்றாகத் திறக்க வேண்டும். இஜோக் குழந்தைக்கு இது பால்குடிப் பருவத்திலேயே கைவரும் ஒலி. கலபாரியில் இதோடு உள்வெடிப்பொலிகளும் சேரும். குரல்வளையைக் கீழே இறக்கிக் காற்றை ஒரு கணம் உள்ளே இழுத்து எழுப்பும் 'ப', 'ட' போன்ற ஒலிகள் அவை. நாம் பேசும்போது காற்று வெளியேதான் போகிறது. அங்கே சில எழுத்துகளில் அது திரும்பி வருகிறது.

இஸோனில் உயிரொலிகள் ஒன்பது. அவை தம் இஷ்டத்துக்குக் கலப்பதில்லை. நாக்கின் அடிப்பகுதியை முன்னால் தள்ளிச் சொல்லும் நான்கு ஒரு அணி, பின்னால் வைத்துச் சொல்லும் நான்கு மறு அணி. 'அ' மட்டும் இரண்டு பக்கமும் போய்வரும். ஒரு தனிச்சொல்லில் ஓர் அணியின் உயிர்கள்தான் இருக்கலாம். இதற்கு உயிரிசைவு என்று பெயர். எழுத்தில் காட்ட, பின் அணி உயிர்களுக்குக் கீழே ஒரு புள்ளி வைக்கிறார்கள். இனத்தின் பெயரான இஸோனில் இரண்டு உயிர்கள், இரண்டுக்கும் கீழே புள்ளி. அச்சகத்திலும் கைபேசியிலும் அந்தப் புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகின்றன.

எல்லாவற்றுக்கும் மேல் தொனி. குரல் உயர்ந்து ஒலித்தால் ஒரு பொருள், தாழ்ந்து ஒலித்தால் வேறு பொருள் என்பது ஆப்பிரிக்க மொழிகள் பலவற்றில் உண்டு. கலபாரி அதற்கும் ஒரு படி மேலே போகிறது. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் 'என்', 'இந்த', 'எல்லா' போன்ற சொல் வந்தால் போதும். அந்தப் பெயர்ச்சொல் தனக்கென்று பிறவியில் இருந்த தொனியைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் வந்த சொல் எந்த வகையோ அந்த வகைக்குரிய புதிய தொனியை உடுத்திக்கொள்கிறது. 'வீடு' என்பதன் சுரம் வேறு, 'என் வீடு' என்பதில் வரும் வீட்டின் சுரம் வேறு, 'இந்த வீடு' என்பதில் வேறு. இலக்கணப் புத்தகத்தில் பல பக்கங்கள் பிடிக்கும் இந்த விதிகளைப் பேசுபவர்கள் ஒரு நொடியும் யோசிக்காமல் செய்துவிடுகிறார்கள்.

தொனியே பொருளைச் சுமப்பதால் மத்தளமும் பேசும். கலபாரியில் எகினே என்ற முகமூடி ஆட்டச் சங்கம் உண்டு. நீர் ஆவிகள் தூக்கிச் சென்ற எகினேபா என்ற பெண், அவர்களிடம் ஆட்டம் கற்றுத் திரும்பி வந்து ஊருக்குச் சொல்லிக்கொடுத்தாள் என்பது அதன் தோற்றக் கதை. ஆட்டத்தின் உச்சத்தில் மத்தளக்காரர் வாய் திறக்காமல், உயர்தொனியும் தாழ்தொனியுமாக ஊர்த் தெய்வங்களின் பெயர்களை அடித்துக் கூப்பிடுவார். முகமூடிக்குள் வியர்த்து ஆடிக்கொண்டிருப்பவர் அதைக் கேட்டு, அந்தத் தெய்வத்தின் கோயில் இருக்கும் திசையைச் சரியாகச் சுட்டிக்காட்ட வேண்டும். தவறினால் மானம் போயிற்று. மொழி தெரியுமா, ஊர் தெரியுமா, சாமி தெரியுமா என்ற மூன்று தேர்வுகளும் ஒரே ஆட்டத்துக்குள் அடங்கிவிடுகின்றன.

இதைவிடக் கடுமையான தேர்வும் இருந்தது. எலெம் கலபாரி என்ற பழைய வணிக நகரத்தில், கொரோனோக்போ என்றொரு குழு இரவில் ஆயுதத்தோடு தெருவில் சுற்றும். எதிர்ப்பட்டவரை நிறுத்தி, யார் என்று கேட்கும். நல்ல கலபாரி உச்சரிப்பில் பதில் வந்தால் போகலாம். உச்சரிப்பு பிசகினால் பிடித்துப்போய் எல்லார் முன்னிலும் அவமானப்படுத்துவார்கள். அவர் எந்த வீட்டைச் சேர்ந்தவரோ அந்த வீட்டின் தலைவர் அபராதம் கட்ட வேண்டும். கலபாரி ஊர்களில் பல ஆண்டுகள் வாழ்ந்த மானிடவியலாளர் ராபின் ஹார்ட்டன் இதை எழுதி வைத்திருக்கிறார்.

ஏன் இவ்வளவு கடுமை? நகரம் வெளியாட்களால் நிரம்பிக்கொண்டிருந்தது. அடிமை வணிகமும், 19-ஆம் நூற்றாண்டில் அதன் இடத்தைப் பிடித்த செம்பனை எண்ணெய் வணிகமும் ஆள்பலத்தைக் கேட்டன. ஒவ்வொரு வணிக வீடும் தன் செலவில் ஒரு போர்த்தோணியை ஆட்களோடு நிறுத்த வேண்டும். ஆட்கள் உள்நாட்டிலிருந்து விலைக்கு வாங்கப்பட்டார்கள். பெரும்பாலோர் இக்போ பேசியவர்கள். வாங்கப்பட்டவரை அந்நியராகவே வைத்திருந்தால் வீடு நிலைக்காது. எனவே வீட்டுப் பெண் ஒருவர் அவருக்குத் தாயாக்கப்பட்டார், புதுப் பெயர் வந்தது, மொழி வந்தது. திறமை இருந்தால் அவரே ஒருநாள் வீட்டின் தலைவராகலாம். கொடுமையில் தொடங்கிய உறவு இது என்பதை மறக்க முடியாது. ஆனால் பிறப்பை ஒதுக்கிவிட்டுப் பேச்சையும் பழக்கத்தையும் வைத்து ஒருவரைத் தன்னவராக்கும் ஏற்பாடு, அந்தக் காலத்தில் உலகில் பல இடங்களில் இல்லாதது.

பக்கத்திலேயே இருந்த இபானி மக்களின் போனி நகரத்தில் அதே வணிகம் நேர்மாறான விளைவைத் தந்தது. வந்தவர்கள் ஊரின் மொழிக்கு மாறுவதற்குப் பதிலாக, ஊரே வந்தவர்களின் மொழிக்கு மாறியது. இக்போ தெருவில் ஆட்சி செய்தது, இபானி வீட்டுக்குள்ளும் சடங்குகளுக்குள்ளும் ஒதுங்கியது. ஜாஜாவின் வாழ்க்கை இதற்குச் சாட்சி. இக்போ நாட்டில் பிறந்து, சிறுவனாக விற்கப்பட்டு, போனியின் பெரிய வணிக வீடுகளில் ஒன்றான அன்னா பெப்பிள் வீட்டுக்குத் தலைவராக உயர்ந்தார். உள்ளூர்ச் சண்டைக்குப் பிறகு 1869-இல் தன் ஆட்களோடு வெளியேறி ஒபோபோ என்ற புதிய நகரத்தை நிறுவி அரசரானார். எண்ணெய் வணிகத்தில் ஆங்கிலேயர்களுக்கு வழிவிட மறுத்ததால் 1887-இல் கைதாகி மேற்கிந்தியத் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டு, 1891-இல் ஊர் திரும்பும் வழியில் இறந்தார். ஒபோபோ மக்கள் இன்று பெரும்பாலும் இக்போதான் பேசுகிறார்கள். ஆனால் அவர்களில் பலர் தங்களை இபானி என்றும், அதன் வழியாக இஜோ என்றும் சொல்லிக்கொள்கிறார்கள்.

இஜோ அடையாளத்தின் உள்கட்டுமானம் இங்கேதான் வெளிப்படுகிறது. இஜோ மொழி பேசுவோர் எல்லாரையும் வரைபடத்தில் ஒரு நிறத்திலும், தங்களை இஜோ என்று சொல்வோரை இன்னொரு நிறத்திலும் தீட்டினால் இரண்டும் பொருந்தாது. ஒண்டோ மாநிலத்து அப்போய் மக்கள் இப்போது யொருபா பேசுகிறார்கள், ஆனால் தங்கள் வேர் இஜோ என்கிறார்கள். பக்கத்து ஆரோக்போ மக்கள் இஸோனை விடவில்லை. பாயெல்சாவின் தலைநகரான யெனகோவாவின் மண்ணின் மொழி எபியே. அது பெனின் நகரத்து எடோ மொழிக்கு உறவானது, இஜோ மொழியே அல்ல. 2010 முதல் 2015 வரை நைஜீரியாவின் குடியரசுத் தலைவராக இருந்த குட்லக் ஜோனதன், உலகறிந்த இஜோக்காரர். அவருடைய ஊரான ஓட்டுவோக்கேயில் பேசப்படும் ஓக்பியாவும் இஜோ மொழிகளில் சேராது. கிராஸ் ரிவர் என்ற வேறொரு கிளையின் மொழி அது. மொழியியலாளரின் அட்டவணைப்படி அவர் ஊர் இஜோவில் இல்லை. ஊர்க்காரர்களின் மனப்படி இருக்கிறது. என் பார்வையில் ஊர்க்காரர்கள் சொல்வதே கணக்கு. ஒரே நீரில் மீன்பிடித்து, ஒன்றுக்குள் ஒன்று பெண் கொடுத்து எடுத்து, ஒரே வணிகத்தின் லாப நட்டத்தைப் பங்கிட்டவர்கள் ஒரு இனமாக எண்ணிக்கொள்வதற்கு அட்டவணையின் அனுமதி தேவையில்லை.

இந்தப் பெரிய 'நாம்' அவ்வளவு பழையதும் அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒருவரைக் கேட்டிருந்தால் தன்னை நெம்பே என்றோ கொலோகுமா என்றோதான் முதலில் சொல்லியிருப்பார். 1956-இல் ஓக்பியா பகுதியின் ஓலோய்பிரியில் வணிக அளவில் கச்சா எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. எண்ணெய் எங்கள் காலடியில், வருமானம் எங்கோ என்ற கோபம் ஓடை ஓடையாகப் பிரிந்திருந்தவர்களைச் சேர்த்தது. 1966 பிப்ரவரியில் ஐசக் அடாகா போரோ என்ற இளைஞர் நைஜர் டெல்டாக் குடியரசை அறிவித்தார். அது 12 நாட்கள்தான் நிலைத்தது. 1991-இல் இஜோ தேசிய காங்கிரஸ் உருவானது. 1998 டிசம்பரில் இளைஞர்கள் போரோவின் ஊரான கையாமாவில் கூடி, தங்கள் நிலத்தின் வளம் தங்களுக்கே என்று பிரகடனம் செய்தார்கள்.

இனி, 19-ஆம் நூற்றாண்டுக்கும் முன்னால் கடலைத் தாண்டிய ஒரு கிளைக்கு வருவோம். இந்தக் கட்டுரை முழுவதிலும் என்னை மிகவும் வியக்கவைப்பது அதுதான். தென் அமெரிக்காவின் வட கரையில், இன்றைய கயானாவில், பெர்பிஸ் என்றொரு ஆறு. 1627-இல் டச்சுக்காரர்கள் அங்கே ஒரு குடியேற்றத்தை நிறுவி, ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவந்து தோட்டங்கள் அமைத்தார்கள். பிறகு ஆங்கிலேயர் கைக்கு நாடு போனது, எல்லாரும் ஆங்கிலம் கலந்த பேச்சுக்கு மாறிவிட்டார்கள் என்றுதான் வெளியுலகம் நினைத்திருந்தது. 1975-இல் இயன் ராபர்ட்சன் என்ற மொழியியலாளர், ஆற்றின் மேல்பகுதியில் முதியவர்கள் சிலர் டச்சு கலந்த ஒரு பேச்சைப் பேசுவதைக் கண்டுபிடித்தார். இரு மொழிகள் உரசிப் பிறந்து பிள்ளைகளின் தாய்மொழியாகவே ஆகிவிட்ட இத்தகைய பேச்சைக் கிரியோல் என்பார்கள்.

பதிவு செய்தவற்றில் டச்சு அல்லாத சொற்கள் குவிந்து கிடந்தன. கரீபியன் கிரியோல்களில் ஆப்பிரிக்கச் சொற்கள் பல மொழிகளிலிருந்து சிதறலாக வரும். இங்கே அப்படியில்லை. அன்றாட அடிப்படைச் சொற்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஒரே இடத்திலிருந்து வந்தது: கிழக்கு இஜோ. 'ஓடு', 'தெரியும்', 'பெண்', 'பிள்ளை' போன்ற சொற்கள். சொற்கள் மட்டுமா? பன்மைக்குச் சேர்க்கும் 'அப்பு' என்ற விகுதி, இறந்தகாலம் காட்டும் விகுதி, வாக்கியத்தின் கடைசியில் வந்து மறுக்கும் சொல் எல்லாம் இஜோ. சொற்களைக் கடன் வாங்குவது எளிது, விகுதிகளை யாரும் எளிதில் கடன் வாங்குவதில்லை. முதல் தலைமுறை அடிமைகளில் பெரும்பகுதியினர் கலபாரி, இபானி கரையிலிருந்து ஒன்றாக வந்து, ஒரே இடத்தில் சேர்ந்து வாழ்ந்திருக்கிறார்கள் என்பதற்கு இது சாட்சி. கப்பல் பதிவேடுகள் மனிதர்களைத் தலைக்கணக்காக மட்டுமே எழுதின. அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதை ஒரு பன்மை விகுதி முந்நூறு ஆண்டுகள் காப்பாற்றி வைத்திருந்தது.

அந்த அடையாளத்தை உறுதி செய்தவர்களில் கே வில்லியம்சன் ஒருவர். கொலோகுமா வழக்கின் இலக்கணத்தை 1965-இல் எழுதிய ஆங்கிலேயப் பெண்மணி. இபாதானிலும் பிறகு போர்ட் ஹார்கோர்ட்டிலும் கற்பித்து வாழ்நாளை நைஜீரியாவிலேயே கழித்து, 2005-இல் மறைந்தார். பெர்பிஸ் கிரியோலைப் பேசிய கடைசி மனிதரும் அதே காலத்தில் மறைந்தார். சில்வியா கவன்பெர்க் 1994-இல் எழுதிய இலக்கண நூலும் ஒலிப்பதிவுகளும் அந்த மொழியின் சொத்தாக இருக்கின்றன.

இஜோவின் குடும்ப மரத்தில் இன்னொரு கிளை இப்போது மெலிந்துகொண்டிருக்கிறது. ரிவர்ஸ் மாநிலத்தில் இங்கோரோ மக்களின் ஊர்ப் பக்கம் டெஃபாக்கா என்றொரு மொழியைச் சில நூறு பேர் பேசுகிறார்கள். 1980-களில் சார்லஸ் ஜெனவாரி அதை ஆராய்ந்து அதன் இடத்தை வெளிப்படுத்தினார். கலபாரி, நெம்பே, இஸோன், இங்கோரோ எல்லாம் சேர்ந்து மரத்தின் ஒரு பாதி என்றால், டெஃபாக்கா மட்டுமே மறு பாதி. லட்சக்கணக்கானோர் பேசும் மொழிகளின் மொத்தக் கொத்துக்கும் ஒற்றைச் சகோதரி. டெஃபாக்காப் பிள்ளைகள் தெருவில் இங்கோரோ பேசி வளர்கிறார்கள், வீட்டிலும் அதுவே நுழைந்துவிட்டது. மூல இஜோ எப்படி இருந்தது என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டுமானால் இந்தச் சில நூறு பேரின் பேச்சு இல்லாமல் முடியாது. ஆராய்ச்சிப் பணம் பெரிய மொழிகளைத் தேடிப் போகும் உலகில், முதல் உரிமை டெஃபாக்காவுக்குத்தான் என்பேன்.

பெரிய மொழிகளுக்கும் எழுத்தில் இடம் கிடைப்பது லேசாக நடக்கவில்லை. 1970-இல் வில்லியம்சனும் நெம்பேயில் பிறந்த வரலாற்றாசிரியர் எபியெக்பெரி ஜோ அலகோவாவும் மற்றவர்களும் சேர்ந்து ரிவர்ஸ் ரீடர்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். ரிவர்ஸ் மாநிலத்தின் 20-ஐ ஒட்டிய மொழிகளில், ஒவ்வொன்றுக்கும் எழுத்துமுறை வகுத்து, தொடக்கப்பள்ளி வாசிப்பு நூல்களை வெளியிட்டார்கள். ஒரு மொழியைப் பொதுமொழியாக்கி மற்றவற்றை அதில் கரைப்பதே செலவு குறைந்த வழியாக இருந்திருக்கும். அதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. இன்று இஸோன் பாடநூல்களுக்குக் கொலோகுமா வழக்குதான் பெரிதும் அடிப்படை. நெம்பே, கலபாரி இரண்டுக்கும் நெடுங்கால எழுத்து மரபு உண்டு, விட்டுக்கொடுக்க அவை தயாராக இல்லை. யெனகோவாவில் எபியே பேசும் வீட்டுப் பிள்ளை, தான் இஜோ என்ற நிச்சயத்தோடு வகுப்பில் உட்கார்ந்து கொலோகுமாப் புத்தகத்தைத் திறந்தால், அதில் வினை கடைசியில் நிற்கும், அவனுக்கும் அவளுக்கும் தனித்தனிச் சொல் இருக்கும். அதன் தாய்மொழி இலக்கணத்தில் இரண்டும் இல்லை. அந்தப் பிள்ளைக்கு எபியேப் புத்தகமும் ஒன்று கையில் இருக்க வேண்டும். இரண்டையும் படிக்கும் வயதுதான் அது.